செய்யது பாய் வராத ரெண்டு நாள்

முதல்லயே ஒண்ணைச் சொல்லிடுதேன், பிள்ளைகளா. எலிக்கு ஞாபக மறதி வராம இருக்க நான் நாலஞ்சு மருந்து கண்டுபிடிச்சிருக்கேன். மனுஷனுக்கு ஒண்ணுகூட இல்லை. முப்பது வருஷம் வேலை பாத்து மிஞ்சினது இதுதான். இதைக் கேட்டுட்டு எந்திரிச்சுப் போறவங்க தாராளமாப் போகலாம், நான் கோவிச்சுக்க மாட்டேன். போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க, ஏசி ஓடுது.

ஒருத்தரும் போகலையா? சரி. உங்க துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டது, ஆராய்ச்சின்னா என்னன்னு உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லத்தான். அது புத்தகத்துலயே இருக்கு. எலியை எப்படிப் பிடிக்கணும், எப்படி ஊசி போடணும்கிறதை விலங்கு அறையில இருக்கவங்க சொல்லித் தருவாங்க. ஒருக்கா கடி வாங்கினா தானா வந்துரும். நான் சொல்ல வந்தது நான் பண்ணுன ஒரு தப்பை. பெரிய தப்பு. அப்ப எனக்கு அது தப்புன்னே தெரியலை, வழக்கமா எல்லாரும் செய்யுததுதானன்னு நினைச்சேன்.

அப்ப நான் நீர்ப்பிரமியில வேலை பாத்துட்டு இருந்தேன். வாய்க்கா ஓரத்துச் சகதியில படர்ந்து கெடக்குமே, சின்னச் சின்ன இலையா, வெள்ளைப் பூவா, அதுதான். ஆழ்வார்குறிச்சிப் பக்கம் போய் நானே பறிச்சுட்டு வருவேன். அங்கன வயல்ல நிக்கிற ஒரு அண்ணாச்சி, "என்னம்மா, மாட்டுக்கா?"ன்னு கேப்பாரு. "இல்ல அண்ணாச்சி, எலிக்கு"ன்னா, "எலிக்கு நாங்க வேற மருந்துல்லா வைக்கோம்!"னு சிரிப்பாரு. போற தடவையெல்லாம் அதே கேள்வி, அதே சிரிப்பு.

வேலை இவ்வளவுதான். எலிக்கு மூளையில ஒரு ஊசி போட்டா அணுக்கள் பைய சாக ஆரம்பிக்கும். வயசானவங்களுக்கு வர்ற மறதி நோய் மாதிரி எலியும் தடுமாறும். அந்த எலியில பாதிக்கு இலைச்சாறு, பாதிக்குப் பச்சைத் தண்ணி. சாறு மூளையைக் காப்பாத்துதான்னு பாக்கணும்.

எப்படிப் பாக்கிறது? "நேத்து என்ன சாப்பிட்ட?"ன்னு எலிகிட்ட கேக்க முடியுமா? அதுக்குத்தான் தொட்டி. அகலமான வட்டத் தொட்டியில தண்ணி நிரப்பி, பால் பவுடரைக் கரைச்சுக் கலங்க வச்சிருப்போம். தண்ணிக்கு அடியில ஒரு விரக்கடை ஆழத்துல சின்ன மேடை ஒண்ணு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. தண்ணியில விட்ட எலி நீந்தி நீந்தி அந்த மேடையைக் கண்டுபிடிச்சு ஏறி நிக்கும். அறையோட நாலு சுவர்லயும் வட்டம், முக்கோணம், பட்டைன்னு ஒட்டியிருப்போம். அதை அடையாளம் வச்சு மறுநாள் நேரா மேடைக்குப் போச்சுன்னா ஞாபகம் இருக்கு. சுத்திச் சுத்தி வந்துச்சுன்னா இல்லை. இப்ப நீங்க கேமரா, கம்ப்யூட்டர் எல்லாம் வச்சிருக்கீங்க. எங்ககிட்ட ஒரு ஸ்டாப் வாட்சும் ஜெபக்கனியும் இருந்தாங்க.

ஜெபக்கனி என் மாணவி, சாத்தான்குளத்துக்காரி. வாயைத் திறந்தா ரெண்டு வார்த்தைக்கு மேல வராது. நான் சத்தம் போட்டா கண்ணு கலங்கிரும். மூணு வருஷமா இந்த எலிகளோடயே கெடந்தா. தொட்டி அறையில அவளுக்குத் துணை செய்யது பாய்.

பாய்க்கு மேலப்பாளையம். விலங்கு அறை முழுசும் அவர் பொறுப்பு. தீனி வைக்கிறது, கூண்டு கழுவுறது, மிஞ்சின சாறைக் கொட்டிப் பாத்திரம் விளக்குறது எல்லாம் அவர்தான். எலிகள் எல்லாம் குட்டியிலேர்ந்து அவர் கையில வளந்ததுக. காலையில தொட்டியிலேர்ந்து எலியைத் தூக்குறதும் அவர்தான். அவருக்கு இடுப்பு வலி, எட்டிக் குனிய முடியாது. மேடை ஜன்னல் பக்கம் இருந்ததால ஜன்னல் ஓரமாவே தேங்காப்பூ துண்டை விரிச்சுப் பிடிச்சுட்டு நிப்பாரு. எலி மேடையில ஏறினதும் தூக்கித் துவட்டி, ஒரு பொரிகடலையை வாயில வைப்பாரு. "நனைஞ்சு போயிட்டியா ராசா"ன்னு கொஞ்சல் வேற.

சாறை அன்னன்னிக்குக் காலையில புதுசா எடுத்துக் குடுத்து, ஒரு மணி நேரம் கழிச்சு எலியை நீந்த விடணும். அதனால சாறு குடிச்ச எலிகள் எல்லாம் காலையில. பச்சைத் தண்ணி குடிச்சதுக்கு என்ன அவசரம்? அதுக மதியத்துக்கு மேல. இந்த ஏற்பாட்டைப் பண்ணுனது நான். என் வசதிக்குப் பண்ணுனேன். மதியம் பாய் லுஹர் தொழப் போவாரு. சாப்பிட்டு வந்து நேரா கூண்டு கழுவப் போயிருவாரு. அதனால மதிய எலிகளை ஜெபக்கனியே தூக்குவா, எந்தப் பக்கம் தோதோ அந்தப் பக்கம் நின்னு. இதுல யோசிக்க என்ன இருக்குன்னு நாங்க ஒருத்தரும் யோசிக்கலை.

முடிவு என்னன்னு நினைக்கீங்க? பிரமாதம்! சாறு குடிச்ச எலி நூல் பிடிச்ச மாதிரி மேடைக்குப் போகுது. பச்சைத் தண்ணி எலி சுத்துது. திருப்பிப் பண்ணினோம், அதே முடிவு. கட்டுரை எழுதி அனுப்பி, ஏத்துக்கிட்டதாத் தகவலும் வந்துட்டு. ஜெபக்கனி மாசக் கடைசியில ஆய்வேட்டுச் சுருக்கம் குடுக்கணும். கடைசியா இன்னொரு எலிக் கூட்டத்தை ஓட்டி முடிச்சா அவளுக்குப் பட்டம், எனக்குப் பேரு. நான் தரையில நடக்கலை.

அந்தச் சமயத்துல ஒரு நாள் பாய் கேட்டாரு, "டீச்சரம்மா, இந்த மருந்து மனுஷங்களுக்கு எப்ப வரும்?" நான் நோட்டுலேர்ந்து தலையை நிமித்தாம, "வரும் பாய், வரும்"னேன். பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸைப் பத்திக் கேட்டவங்களுக்குச் சொல்லுத மாதிரி. ஏன் கேக்கீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை.

கடைசிக் கூட்டம் ரெண்டு நாள் நல்லா ஓடிச்சு. மூணாவது நாள் பாய் வரலை. போன் அடிச்சா எடுக்கலை. விடுப்புன்னா முந்தின நாளே சொல்ற மனுஷர் அவரு. சரி, என்னவோ வேலைன்னு நினைச்சுக்கிட்டேன். காலை எலிகளை ஜெபக்கனியே விட்டு, ஜெபக்கனியே தூக்கினா. கொஞ்ச நேரத்துல என் அறைக்கு ஓடி வாரா.

"மேடம், எலிக்கு என்னமோ ஆயிட்டு."

போய்ப் பாத்தேன். நேத்து நேராப் போன எலி இன்னைக்குச் சுத்துது. மேடைக்குப் பக்கத்துல போயிட்டு ஏறாம திரும்பி வருது. ஒண்ணு இல்லை, அத்தனையும். தண்ணியைத் தொட்டுப் பாத்தேன், இலையைப் பாத்தேன், சாறை மோந்து பாத்தேன். எல்லாம் சரியாத்தான் இருந்தது. மறுநாளும் பாய் வரலை. மறுநாளும் எலிகள் சுத்திச்சு.

இங்கனதான் நல்லாக் கவனிக்கணும். நான் ஜெபக்கனியைக் கூப்பிட்டு, "ஆளு மாறுனதுல எலி பயந்துட்டு. இந்த ரெண்டு நாளையும் கணக்குலேர்ந்து எடுத்துரு. 'உதவியாளர் விடுப்பு'ன்னு ஓரத்துல எழுதிட்டு மேல போ"ன்னேன்.

அவ போகலை, நின்னா.

"என்னட்டி?"

"மேடம், நான் தூக்கின காலை எலியும் இப்ப மதிய எலி மாதிரியே சுத்துது. மதிய எலியை என்னைக்கும் நான்தான தூக்குதேன்?"

"அதுக என்னைக்கு ஒழுங்கா நீந்துச்சு?"

"அதான் மேடம்"னா.

எனக்குச் சுர்ருன்னு ஏறிட்டு. "ஏட்டி, உனக்கு மாசக் கடைசியில கெடு. கட்டுரை அச்சுக்குப் போகுது. இப்ப வந்து அதான் இதான்னு நிக்க? எடுன்னா எடு"ன்னு கத்திட்டேன். பக்கத்து அறையில இருந்தவங்க எட்டிப் பாத்தாங்க. அவ கண்ணு கலங்கிட்டு. நோட்டைத் தூக்கிட்டுப் போயிட்டா.

மறுநாள் காலையில அந்த நோட்டு என் மேசையில இருந்தது. பிரிச்சா, ரெண்டு நாளும் அப்படியே இருக்கு. ஒரு எண்ணைக்கூட அடிக்கலை. கீழ ஒரு வரி எழுதியிருந்தா: "மேடையும் பாய் நிற்கும் இடமும் ஒரே பக்கம். பாய் இருப்பது காலையில் மட்டும்."

அப்பதான் எனக்கு உறைச்சுது. மூளை கெட்ட எலியால நாலு சுவரையும் சேத்து ஞாபகம் வச்சு வழி கண்டுபிடிக்க முடியாது, சரி. ஆனா தெரிஞ்ச ஒரு ஆளு ஒரே இடத்துல நின்னா, அவரைப் பாத்து நீந்த முடியும்ல? அதுக்குப் பெரிய ஞாபகம் ஒண்ணும் வேண்டாம். காலை எலிகளுக்கு மேடைக்குப் பக்கத்துலயே பாய் இருந்தாரு, துண்டு இருந்தது, பொரிகடலை இருந்தது. மதிய எலிகளுக்கு இது ஒண்ணும் இல்லை. நாங்க இத்தனை நாள் அளந்தது சாறை இல்லை, பாயை. இதைத்தான் நான் மருந்துன்னு எழுதி அனுப்பியிருக்கேன்.

அதை யோசிச்சுட்டு உக்காந்திருக்கும்போதே பாய் வந்து நிக்காரு. ரெண்டு நாள் தூங்காத முகம்.

"எங்க போனீங்க பாய்? ஒரு போன் கிடையாதா?"

"லாத்தாவை ஆஸ்பத்திரியில சேத்திருக்கேன் டீச்சரம்மா. வலிப்பு வந்து அடுப்படியில விழுந்துட்டா. நெத்தியில தையல்."

லாத்தான்னா அவரோட மூத்த அக்கா. உம்மா இல்லாத வீட்டுல அவரை வளத்தது அவங்கதான். ரெண்டு வருஷமா மறதி முத்தி, பெத்த பிள்ளைகளையே யாருன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்களாம். வலிப்பு ரொம்ப காலமா உண்டு, மாத்திரையில கட்டுப்பட்டு இருந்தது. இதெல்லாம் எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். எத்தனையோ வருஷம் ஒரே கட்டடத்துல வேலை பாத்திருக்கோம்.

"மாத்திரை சாப்பிட்டுட்டுத்தான வந்தாங்க, பெறகு ஏன் வலிப்பு வந்தது?"

அவர் தரையைப் பாத்தாரு. "நிறுத்திட்டேன்மா."

பிறகு எல்லாத்தையும் சொன்னாரு. மிஞ்சின சாறைக் கொட்டாம இருமல் மருந்து பாட்டில்ல ஊத்தி வீட்டுக்குக் கொண்டுபோயிருக்காரு. லாத்தாவுக்குத் தினமும் காலையில ஒரு மூடி. ரெண்டு மருந்து சேந்தா ஆகாதுன்னு பழைய மாத்திரையைப் பைய பைய குறைச்சு நிறுத்திட்டாரு. "கேக்காம எடுத்தது தப்புதான், அதுக்கு என்ன தண்டனைன்னாலும் குடுங்க. ஆனா டீச்சரம்மா, அவ நல்லா ஆயிட்டு வந்தா! மாத்திரை குடிச்ச நாள்ல மந்தமாச் சுருண்டு கெடப்பா. சாறு குடிக்க ஆரம்பிச்ச பெறகு போன வாரம் என் பேரைச் சொன்னா. எத்தனையோ நாளைக்கு அப்புறம் செய்யதுன்னு கூப்பிட்டா!"

"இப்ப டாக்டர் என்ன சொல்லுதாரு?"

"மறுபடி மாத்திரையை ஆரம்பிச்சிருக்காங்க. இன்னைக்குச் சாயந்திரம் வீட்டுக்கு அனுப்புதாங்க. வீட்டுக்கு வந்ததும் நான் அதைக் குடுக்கப் போறது இல்லை. ஒருக்கா வலிப்பு வந்தது வந்துட்டுப் போட்டும். சாறு வேலை செய்யுது."

"பாய், சாறு வேலை செய்யுதான்னு எனக்கே இப்ப நிச்சயம் இல்லை."

"நீங்க நோட்டுல பாக்கீங்க. நான் கண்ணால பாக்கேன்மா. தினமும் அந்த எலிக நேரா வருதுல்லா? நீங்கதான சொன்னீங்க, மனுஷங்களுக்கும் வரும்னு?"

இன்னொரு தடவை வலிப்பு வந்து நிக்காமப் போனா அந்த அம்மா உயிர் தங்காது. அவருக்கு நான் சொல்லுததை விட அவர் கண்ணு பெரிசு. அதுல நியாயமும் இருக்கு, நான் சொன்னதை நம்பினதாலதான அவர் இந்த நிலைமையில நிக்காரு. சாயந்திரத்துக்குள்ள அவர் மனசு மாறணும். வாயால சொல்லிப் பிரயோஜனம் இல்லைன்னு தெரிஞ்சுட்டு.

"வாங்க பாய், தொட்டிக்கு"ன்னேன். ஜெபக்கனியையும் கூப்பிட்டேன்.

மேடையை இருந்த இடத்துலயே விட்டோம், ஜன்னல் பக்கம். பாயைத் துண்டோட எதிர்ப்பக்கம், கதவோரமா நிக்கச் சொன்னேன். இதை அவர்கிட்ட சொல்லாம ஒளிச்சுச் செய்யுததுதான் ஆராய்ச்சி முறை. நான் ஒளிக்கலை. "பாய், நீங்க எங்கன நிக்கீங்களோ அங்கனதான் எலி வருதோன்னு எனக்குச் சந்தேகம். நீங்களே பாருங்க"ன்னு முகத்துக்கு நேராச் சொல்லிட்டேன். அன்னைக்கு எனக்குக் கட்டுரை வேண்டாம், அவர் நம்பினாப் போதும்.

ஜெபக்கனி முதல் எலியை விட்டா. அது தண்ணியில ஒரு சுத்துச் சுத்திட்டு, மூக்கைத் தூக்கி, நேரா கதவுப் பக்கம் நீந்தி, பாய் நிக்கிற இடத்துக்குக் கீழ சுவரைப் பிறாண்டுச்சு. அங்கன மேடை கிடையாது. ஏற முடியாமப் பிறாண்டிக்கிட்டே இருந்தது. அவர் அதைத் தூக்கலை, பாத்துட்டே நின்னாரு. ஜெபக்கனிதான் தூக்கினா.

ரெண்டாவது எலியும் அங்கதான் போச்சு. மூணாவதும் அங்கதான். நாலாவதுக்கு அவரே இடத்தை மாத்தி மேசைப் பக்கமாப் போய் நின்னாரு. அது மேசைப் பக்கம் வந்தது. அவர் குனிஞ்சு, இடுப்பு வலியைப் பாக்காம, அதைத் தூக்கித் துவட்டினாரு. ரொம்ப நேரம் துவட்டினாரு.

"அப்ப இதுக இத்தனை நாளும் என்னைத் தேடியா வந்துச்சு?"

"ஆமா பாய்."

"மருந்தால இல்லை?"

"மருந்தாலயும் இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. அன்னைக்கு 'வரும்'னு சொன்னேன் பாருங்க, அது தெரியாமச் சொன்னது. தப்பு என்மேல."

"அப்ப அவ எப்படி என் பேரைச் சொன்னா?"

"நான் டாக்டர் இல்லை பாய். மாத்திரை அவங்களை மந்தமாக்கியிருக்கலாம், அதை நிறுத்தினதும் தெளிஞ்சிருக்கலாம். இப்ப என்கிட்ட சொன்னதை அப்படியே டாக்டர்கிட்ட சொல்லணும். நானும் வாரேன்."

சாப்பாட்டுப் பையிலேர்ந்து பாட்டிலை எடுத்து மேசையில வச்சாரு. பாதி இருந்தது. நான் அதைக் கழுவுதொட்டியில கொட்டினேன்.

ஆஸ்பத்திரியில டாக்டர் எல்லாத்தையும் கேட்டுட்டு என்னை ஒரு பார்வை பாத்தாரு. "நீங்க படிச்சவங்கதான?"ன்னாரு. வாங்கிக்கிட்டேன். மாத்திரையை நிறுத்தக் கூடாது, வேற மாத்தலாம்னு மாத்திக் குடுத்தாரு. லாத்தாவுக்கு மந்தம் கொஞ்சம் தெளிஞ்சது. பிறகு வலிப்பு வரலை. மறதி நோய் அதுபாட்டுக்கு அது வழியில போச்சு, அதை நிறுத்த அப்பவும் யார்கிட்டயும் ஒண்ணும் இல்லை. ஒன்றரை வருஷம் கழிச்சு ஒரு நோன்பு மாசத்துல மௌத்தானாங்க.

கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கிட்டேன். தொட்டியைச் சுத்தித் திரை போட்டோம். எது சாறு குடிச்சது, எது பச்சைத் தண்ணின்னு தொட்டிக்கிட்ட நிக்கிறவங்களுக்குத் தெரியாது. எது முதல்ல, எது பின்னாலன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டோம். ஜெபக்கனி எல்லாத்தையும் முதல்லேர்ந்து பண்ணினா, ரெண்டு வருஷம். சாறு குடிச்ச எலி ஒரு துளி மேல இருந்த மாதிரி இருந்தது, இருக்குன்னு அடிச்சுச் சொல்ல முடியாத அளவுக்கு. அதை அப்படியேதான் எழுதினா. அவளுக்கு வந்திருந்த வேலை ஒண்ணு அதுக்குள்ள கைவிட்டுப் போயிட்டு. அதுக்கு நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை மேடம்"னா. பரவாயில்லாம இல்லைன்னு எனக்குத் தெரியும்.

பட்டத்துக்கு முந்தி எல்லார் முன்னாலயும் வாய்மொழித் தேர்வு நடக்கும்ல, அந்த நாள். ஹால் நிறையப் பிள்ளைகள். வெளியூர்லேர்ந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டிட்டே வந்தவர், பழைய சோதனை இருந்த தாள் வந்ததும் நிறுத்தினாரு. அந்த ரெண்டு நாளையும் ஜெபக்கனி முழுசாச் சேத்திருந்தா.

"இந்த ரெண்டு நாள்தான் மத்ததையெல்லாம் கெடுக்குது. உதவியாளர் விடுப்புன்னு எடுத்திருக்கலாமே? யாரும் கேட்டிருக்க மாட்டாங்களேம்மா."

"எடுத்திருந்தா ஒரு பொம்பளை அன்னைக்குச் சாயந்திரம் மாத்திரை இல்லாம வீட்டுக்குப் போயிருப்பாங்க, சார்."

அவருக்குப் புரியலை. "எந்தப் பொம்பளை?"ன்னாரு. ரெண்டு வார்த்தைக்கு மேல பேசாத பிள்ளை, அன்னைக்கு நின்னு முழுக் கதையையும் சொன்னா. நான் கத்துனதை மட்டும் விட்டுட்டா.

தேர்வாளர் கண்ணாடியைக் கழட்டிட்டு முன் வரிசையில இருந்த என்னைப் பாத்துச் சிரிச்சாரு. "நல்ல கைடு கிடைச்சிருக்காங்க உனக்கு. இதை எடுக்கக் கூடாதுன்னு சரியாச் சொல்லிக் குடுத்திருக்காங்க"ன்னாரு. எல்லாரும் கை தட்ட ஆரம்பிச்சாங்க. ஜெபக்கனி என்னைப் பாக்கலை, கையில இருந்த தாளைப் பாத்துட்டு நின்னா.

நான் எந்திரிச்சேன். கை தட்டல் நிக்கட்டும்னு நின்னேன்.

"எடுத்துருன்னு சொன்னது நான்தான் சார். அவதான் எடுக்கலை."

எனக்கு உக்காரவும் தெரியலை, நிக்கவும் தெரியலை. பின்னால கதவுக்கிட்ட நின்ன செய்யது பாய்தான் கடைசியில சொன்னாரு, "உக்காருங்க டீச்சரம்மா"ன்னு.